கீபோர்டு தூக்கிக்கொண்டு மேடைக்கு: சேலத்தில் புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் கீபோர்டு வாசிக்கிறவன் இரவில் வீடு தங்குவது கஷ்டம். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதுமே அம்மாபேட்டை, குகை, செவ்வாய்பேட்டை, அன்னதானப்பட்டி என்று பேட்டைக்குப் பேட்டை பண்டிகை. குகையில் வண்டி வேடிக்கை பார்க்கக் கூட்டம் நெரியும்போது நாலு தெரு தள்ளி ஏதோ ஒரு மேடையில் ஆர்கெஸ்ட்ரா நடந்துகொண்டிருக்கும். ஆவணி, தை, வைகாசியில் கல்யாண ரிசப்ஷன். மார்கழியில் அய்யப்ப பஜனை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. புரட்டாசியில்தான் வேலை கொஞ்சம் குறைவு. வயர்களுக்கு ஜாக் மாற்றிச் சாலிடர் வைப்பதெல்லாம் எனக்கு அந்த மாதத்தில்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த கீபோர்டு வாங்கலாம்?" அதற்கு முன்னால் வேலை என்னவென்று தெரிய வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டுக்காரன் வராத வாத்தியக்காரர்கள் எல்லாருக்கும் பதில் ஆள். ஒரு சினிமாப் பாட்டில் 20 வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு நாதஸ்வரம், நாலு டிரம்பெட் இருந்திருக்கும். ரிசப்ஷன் மேடைக்கு வருவது நீங்களும் கிடார்காரரும் ரிதம் பேட் வாசிப்பவரும்தான். மீதி எல்லாருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பெட்டி

61 கட்டைகள் போதும். 76, 88 எல்லாம் பியானோ தனியாக வாசிக்கிறவர்களுக்கு. மொபெட்டில் பின்னால் கட்டிக்கொண்டு தாரமங்கலம் போகிறவருக்கு அல்ல. நாலு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் டச், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் அல்லது நெம்புகோல், விரலை எடுத்த பிறகும் சத்தத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடல் செருகும் துளை, கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி மிடி. ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசை போன்றவற்றில் தபேலா, சிதார் மாதிரி இந்திய வாத்தியச் சத்தங்கள் உள்ளேயே வருவதால் நம் பக்கத்து மேடைகளில் நிறையப் பார்க்கலாம்.

பழையது வாங்குவதில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் கடையில் ஒரு பாட்டு வாசித்துப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். பியானோ சத்தம் வைத்து, இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு கட்டையையும் ஒரே மாதிரி மெதுவாக அழுத்துங்கள். நடுவில் ஒன்று மட்டும் திடீரென்று கத்தினாலோ ஊமையாக இருந்தாலோ, அடியில் இருக்கும் கார்பன் ரப்பரில் தூசி புகுந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. தூசி என்றால் சுத்தம் செய்தால் சரியாகும், தேய்மானம் என்றால் பட்டையையே மாற்ற வேண்டும். விலை பேச இது நல்ல காரணம். அப்புறம் பெண்ட் சக்கரத்தைத் தள்ளிவிட்டு, கையை எடுத்ததும் சுருதி பழைய இடத்துக்கே வருகிறதா என்று கேளுங்கள். கடைசியாக அடாப்டர் முனையை லேசாக ஆட்டுங்கள். திரை அணைந்து எரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் இரண்டு வருடத்துக்கு இரண்டாவது கீபோர்டு வாங்க ஆசைப்படாதீர்கள். இருக்கிற ஒன்றில் எந்தச் சத்தம் எந்த எண்ணில் இருக்கிறது என்று இருட்டில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

கட்டையும் ராகமும்

மேற்கத்திய முறையில் கற்றவர்களுக்கு மேடையில் வரும் முதல் குழப்பம் பெயர்கள். பாடகர் தன் சுருதியை "எனக்கு ஒன்றரைக் கட்டை" என்பார், கிடார்காரர் "சி ஷார்ப்" என்பார். இரண்டும் ஒன்றுதான். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு இல்லை. நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும். கோயில் மேடையில் நாதஸ்வரக்காரரோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னால், அவர் உங்களுக்காகச் சுருதி மாற்ற மாட்டார். நீங்கள்தான் போக வேண்டும்.

ராகம் தெரிந்தால் பாதி வேலை குறையும். மேஜர் ஸ்கேல் என்பது தீரசங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி. கல்யாணியும் கரகரப்பிரியாவும் அரிகாம்போதியும் கைக்குப் பழகிவிட்டால் சினிமாப் பாட்டில் பெரும்பகுதி விரலுக்குள் வந்துவிடும். ஊரில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே கீபோர்டு கிடையாது, ஆனாலும் வாய்ப்பாட்டு இரண்டு வருடம் கற்ற கீபோர்டுக்காரனைக் கேட்டவுடனே கண்டுபிடித்துவிடலாம். அவன் பெண்ட் சக்கரம் நடுங்காது. கமகம் வரவேண்டிய இடத்தில் மட்டும் வரும், சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அசைக்க மாட்டான். மேற்கத்தியச் சான்றிதழ் வேண்டுமென்றால் டிரினிட்டி லண்டன் நடத்தும் எலெக்ட்ரானிக் கீபோர்டு கிரேடு தேர்வுகள் இருக்கின்றன. கீபோர்டு வகுப்பு எடுக்கும் எண்ணம் இருந்தால் அது உதவும். மேடையில் யாரும் கேட்பதில்லை.

ஒரு பாட்டைத் தயார் செய்வது

இதில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு மெட்டை வாசிக்க ஆரம்பிப்பார்கள். மெட்டைப் பாடுவதற்குத்தான் பாடகர் இருக்கிறாரே!

நான் மூன்று முறை கேட்பேன், மூன்று முறையும் கையில் கீபோர்டு இருக்காது. முதல் தடவை ஒரு தாளில் பாட்டின் எலும்புக்கூட்டை எழுதுவது: முன்னிசை 8 பார் (தாளக் கட்டம்), பல்லவி, இடையிசை 16 பார், சரணம் என்று. இரண்டாவது தடவை, எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று அதற்கு நேராக எழுதுவது. மூன்றாவது தடவை எதையெல்லாம் விடலாம் என்று கோடு போடுவது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஒரே நேரத்தில் வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் டிரம்பெட்டும் வந்தால் இரண்டு கையால் மூன்றையும் செய்ய முடியாது. கேட்பவர்கள் வாயில் முணுமுணுப்பது எதுவோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு குத்துப் பாட்டு. தொடக்கத்தில் நாதஸ்வரம், பல்லவிக்குப் பின்னால் டிரம்பெட் வெட்டு, இடையிசையில் புல்லாங்குழல், சரணத்துக்கு அடியில் வயலின் கூட்டம். கீபோர்டின் நினைவுப் பொத்தான்களில் இதை 1, 2, 3, 4 என்று பாட்டில் வரும் வரிசையிலேயே பதிந்து வையுங்கள், வாத்திய வகை வாரியாக அல்ல. மேடையில் மூளை வேலை செய்யாது, விரல்தான் வேலை செய்யும். இப்போது ஸ்பிளிட்: நடு சி-க்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மெட்டு வாத்தியம். பாஸ் கிடார்காரர் இருந்தால் இடது கையைக் கீழே கொண்டுபோகாதீர்கள். இரண்டு பேர் ஒரே பள்ளத்தில் இறங்கினால் சத்தம் சேறாகிவிடும்.

அடுத்தது, யாருக்குப் பதில் ஆளாக நிற்கிறீர்களோ அவர் மாதிரி வாசிப்பது. புல்லாங்குழல்காரர் மூச்சு விட வேண்டும், 16 பாரை நிறுத்தாமல் ஊத முடியாது. நீங்களும் விரலை எடுத்து இடைவெளி விடுங்கள், அப்போதுதான் காதுக்குக் குழலாகக் கேட்கும். குழல் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் தரும், எனவே மோனோ நிலையில் வையுங்கள், இரண்டு கட்டை தெரியாமல் பட்டாலும் கூட்டொலி வராது. வயலின் கூட்டத்தின் சத்தம் மெதுவாக எழும்பும். தாளத்துக்குச் சரியாக அழுத்தினால் பிந்திக் கேட்கும், ஒரு பொடி முன்னால் அழுத்த வேண்டும். டிரம்பெட்டுக்கு நேர்மாறு: அழுத்து, எடு. நாதஸ்வரத்துக்குப் பெண்ட் அளவை இரண்டு அரைச்சுரத்தில் வைத்து, காந்தாரத்திலிருந்து மத்திமத்தைச் சக்கரத்தாலேயே தொட்டுப் பழகுங்கள். தினம் பத்து நிமிடம், இரண்டு மாதம். அதற்கு முன்னால் மேடையில் முயன்றால் சைக்கிள் ஹாரன் மாதிரி இருக்கும். சொந்த அனுபவம்.

கடைசியாகச் சத்த அளவு. நாலு பொத்தானும் ஒரே உயரத்தில் கேட்கிறதா என்பதை ஹெட்போனில் பார்க்காதீர்கள், ஒரு ஸ்பீக்கரில் பாருங்கள். ஹெட்போனில் இனிமையாக இருந்த குழல் மேடையில் காணாமல் போகும், டிரம்பெட் ஆளைத் தூக்கும். எல்லாம் முடிந்ததும் முழுவதையும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, அந்தப் பென்டிரைவைக் கீபோர்டு பையில் வைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது.

வயரும் கரண்டும்

நம் ஊரில் ஒலியமைப்பாளரை ரேடியோ செட்காரர் என்போம். அவரோடு நட்பாக இருங்கள், உங்கள் சத்தம் மக்களிடம் போவது அவர் கையால்தான். அவர் தருவது பெரும்பாலும் பி-38 என்று சொல்லும் கால் அங்குல ஜாக். சின்ன கீபோர்டுகள் பலவற்றில் வெளியே எடுக்க ஹெட்போன் துளை மட்டும்தான் இருக்கும். அது ஸ்டீரியோ. அதில் மோனோ ஜாக்கை நேராகச் செருகினால் ஒரு பக்கம் எர்த்தோடு ஒட்டிக்கொள்ளும். பாதிச் சத்தம் போய்விடும், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நல்லதல்ல. ஒரு ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து இரண்டு மோனோ பிரியும் ஒய் வயரைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்/மோனோ என்று எழுதிய துளை இருந்தால் கவலை இல்லை, அதில் ஒன்றைச் செருகினாலே இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்.

ஊர்ப் பண்டிகையில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் கீழ்ச்சத்தம் வரவே வராது. இடது கையை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிடுங்கள்.

"ம்ம்ம்ம்" என்று அடியில் ஒரு உறுமல் வந்தால் பதறாதீர்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, அதன் குரல்தான் அது. வரிசையாகப் பாருங்கள்: கீபோர்டின் வால்யூமைச் சுழியம் ஆக்கியும் உறுமினால் வயரிலோ மிக்சரிலோ இருக்கிறது. வயரைக் கீபோர்டிலிருந்து பிடுங்கி வேறொன்று செருகிப் பாருங்கள். மேடைக்கும் மிக்சருக்கும் தூரம் அதிகம் என்றால் டிஐ பாக்ஸ் (நீள வயரில் இரைச்சல் இல்லாமல் அனுப்ப உதவும் சின்னப் பெட்டி) கேளுங்கள், அதில் எர்த்தைப் பிரிக்கும் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சீரியல் லைட் ஓடுகிற பாயிண்டிலேயே கீபோர்டையும் செருகினால் கொசு மாதிரி ஒரு இரைச்சல் சேர்ந்து வரும், வேறு பாயிண்ட் வாங்குங்கள். ஒன்றே ஒன்று செய்யாதீர்கள். சத்தத்தை நிறுத்த மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைக்கச் சொல்வார்கள். ஆடி மழையில் நனைந்த மேடை, பாடுகிறவர் உதட்டில் மைக். உடைக்கவே கூடாது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கீபோர்டு அணைந்து, மறுபடி விழித்து, முதல் பியானோ சத்தத்தோடு வந்து நிற்கும். கூட்டம் அதற்குள் விசில் அடிக்கும். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் அடாப்டர் என்றால் மொத்தம் 18 வாட்தான். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் தாராளமாகத் தாங்கும். நான் வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான்.

மேடையில்

பெடலை மிதித்துக்கொண்டே கீபோர்டு சுவிட்சைப் போடாதீர்கள். பல மாடல்கள் போடும்போது பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் பெடலை விட்டால் இழுக்கும், மிதித்தால் வெட்டும்.

கீபோர்டின் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான்தான் நம் தொழிலின் வரமும் சாபமும். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பண்டிகையில் பாடகிக்காக மூன்று அரைச்சுரம் ஏற்றி வாசித்தேன். பாட்டு நன்றாகப் போனது, கைதட்டல். அடுத்தது டூயட், நான்தான் முன்னிசை. ஏற்றியதை இறக்கவில்லை. என் வயலின் ஒரு ஊரில், கிடார் இன்னொரு ஊரில். குழல் வாசிக்கும் பெரியவர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து டீ குடிக்கும்போதுதான், "ஏப்பா, நீ மட்டும் மெட்ராஸ் போயிட்டியா?" என்றார். அன்றிலிருந்து எண் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கை முதலில் அங்கே போகும். சில கீபோர்டுகளில் டிரான்ஸ்போஸும் நினைவுப் பொத்தானோடு சேர்ந்து பதிவாகும். உங்களுடையதில் ஆகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

முன்பே செய்துவைத்த டிராக்கோடு வாசித்தால், ஸ்டீரியோவில் ஒரு பக்கம் டிராக், மறுபக்கம் தாளம் எண்ணும் கிளிக் என்று பதிந்து, கிளிக்கை ரிதம் வாசிப்பவர் காதுக்கு மட்டும் அனுப்புங்கள். முதல்முறை ரேடியோ செட்காரரிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். மறந்தால் ஊருக்கே டக் டக் கேட்கும்.

மிடியும் லேப்டாப்பும்

1983-இல் வந்த மிடி இன்றும் அப்படியே ஓடுகிறது. மிடி வயரில் சத்தம் போகாது, கட்டளைதான் போகும்: இந்தக் கட்டை, இவ்வளவு அழுத்தம், இப்போது விடு. 16 தடங்கள் (சானல்), பெரும்பாலான அளவுகள் 0 முதல் 127 வரை. பெடலுக்கு எண் 64, வால்யூமுக்கு 7, சத்தத்தை அதிரவைக்கும் மாடுலேஷனுக்கு 1. இந்த மூன்று எண் தெரிந்தாலே பாதிச் சிக்கலை நீங்களே அவிழ்ப்பீர்கள். பத்தாவது தடத்துக்கு அனுப்பினால் வயலினுக்குப் பதில் டிரம் கேட்பது ஏன் என்று ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். ஜெனரல் மிடியில் அது தாளத்துக்கென்று ஒதுக்கிய தடம்.

லேப்டாப்பில் வாசிக்கும்போது அழுத்துவதற்கும் கேட்பதற்கும் நடுவில் தாமதம் வரும். வினாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் சாம்பிள் அளவு) 256 என்றால் அதற்கு மட்டும் சுமார் 6 மில்லி வினாடி, 512 என்றால் 12. ஸ்பீக்கருக்கு நாலு மீட்டர் தள்ளி நின்றால் காற்றிலேயே 12 மில்லி வினாடி போய்விடும், ஆக 256 வரை பயப்பட வேண்டாம். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் கட்டாயம். வீட்டில் டிராக் செய்து கொடுக்கும் வேலை வந்தால், குறும்படத்துக்கு 48,000-இல் பதிவு செய்யுங்கள், வீடியோக்காரர்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனிக் கோப்பாகக் கேட்டால், எல்லாம் ஒரே நொடியிலிருந்து தொடங்கட்டும், இசை இல்லாத இடம் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை.

காசு, நேரம்

அட்வான்ஸ் கைக்கு வந்தபின்தான் டைரியில் தேதி. ஒருமுறை வாய்ப்பேச்சை நம்பிப் போய், "நாளைக்கு வாங்க தம்பி" என்பதை நாலு மாதம் கேட்டேன். சம்பளம், போக வர வண்டி, எத்தனை மணி வரை என்று மூன்றையும் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். விழா நாட்களுக்கு அரசு தளர்வு தந்திருந்தால் நள்ளிரவு வரை. போலீஸ் அனுமதி வாங்குவது விழாக்காரர் பொறுப்பு, ஆனாலும் கேட்டுவையுங்கள். கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஓட்டல், டிக்கெட் வைத்த நிகழ்ச்சி என்றால் நடத்துகிறவர் உரிமம் வாங்க வேண்டும்.

ஏற்காடு

மலை வேலைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு. கீபோர்டை நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் விழுந்து எழும். கட்டைகள் மேலே பார்க்கப் படுக்க வைத்து, அதன்மேல் ஒன்றும் ஏற்றாதீர்கள். ஸ்டாண்டு தனி.

மேலே பனிமூட்டம் மேடைக்குள்ளேயே வந்து உட்காரும். வாசிக்காத நேரத்தில் ஒரு தடித்த துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், அடியில் ஈரம் தங்கும். குளிரில் விரல் மரத்துப்போகும் என்பதால் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொள்வேன், குடிக்கப் பாதி, டம்ளரைப் பிடித்துக்கொள்ளப் பாதி.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. குளிரில் புல்லாங்குழலின் சுருதி இறங்கும், கீபோர்டு இறங்காது. கிடார்காரர் முறுக்கிச் சரிசெய்துகொள்வார், குழல்காரரால் முடியாது. அவரை ஒரு ஸ்வரம் நீட்டச் சொல்லி, கீபோர்டின் மொத்தச் சுருதியை வைக்கும் மாஸ்டர் டியூனை 440 ஹெர்ட்ஸிலிருந்து 439, 438 என்று இறக்கி அவரோடு சேருங்கள்.

இரவு தங்கிவிட்டுக் காலையில் இறங்கினால், வண்டியில் கிடந்த கீபோர்டு சில்லென்று இருக்கும். சேலம் அஸ்தம்பட்டி வெயிலில் உடனே பையைத் திறந்தால், குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பதுபோல உள்ளே இருக்கும் போர்டும் வியர்க்கும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் வையுங்கள். அதற்குள் குளித்துச் சாப்பிட்டுவிடலாம். பிறகு போட்டதும் முதல் வேலையாக மாஸ்டர் டியூனை 440-க்குத் திருப்பிவிடுங்கள், சாயங்காலம் ரிசப்ஷன் இருக்கும்.